பதினோரு பக்கங்கள்

“அக்கா, தண்ணி வந்துருச்சு. குளிச்சிட்டு ஓடி வந்துடறேன்” என்று சொல்லிவிட்டு, சிவப்பு வாளியைத் தூக்கிக்கொண்டு ஜெரோம் குளியலறைக்குள் போனான். கதவைச் சாத்தினான், தாழ் போடவில்லை. குழாயைத் திறந்ததும் வெறும் வாளியில் தண்ணீர் தடதடவென்று விழுந்தது. வாளி நிறைய நிறையச் சத்தம் கனத்து, தணிந்து, கடைசியில் நின்றது.

“அதுக்கப்புறம் சொம்புச் சத்தம் வரணுங்க மேடம்” என்றான் வேடியப்பன். “வரல.”

மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அவனுக்கு வயது இருபத்தாறு. பென்னாகரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். எட்டு மாதத்துக்கு முன்னால்தான் முதல்முறையாகத் திருச்சிக்கு வந்தவன். அவன் இப்போது சொன்ன குளியலறை பாலக்கரையில் ஒரு வாடகை வீட்டில் இருந்தது. அந்த வாளியில் தண்ணீர் விழுந்து முப்பத்தேழு வருடம் ஆகிறது.

“நான் கட்டில்ல உக்காந்து படிச்சிக்கிட்டு இருக்கேன். தடிப் புஸ்தகம். சத்தம் நின்னதும் எனக்கு என்ன தோணுதுன்னா, அப்பாடா, இனிமே நிம்மதியா படிக்கலாம்னு தோணுது. பக்கம் பக்கமா திருப்பறேன். பதினோரு பக்கம்.” அவன் உதடு உலர்ந்திருந்தது. “எனக்குத் தம்பியே கிடையாதுங்க மேடம். ஒரே பையன் நானு. யாருங்க ஜெரோம்?”

ஜெசிந்தா காகிதக் கோப்பையை மேசையில் வைத்தாள். தேநீர் கொஞ்சம் தளும்பியது. அந்தப் பதினோரு பக்கங்களைப் பற்றி அவள் தாயிடம் சொன்னதில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னதில்லை. கட்டியவரிடம், அவர் சாகும்வரை சொன்னதில்லை.

“வேற யாருக்காவது இது வருதா?” என்று கேட்டாள். 

“எல்லாருக்கும் வருதுங்க.”

எல்லாருக்கும் என்றால் நானூற்றுப் பன்னிரண்டு பேர்.

ஊருக்கு ஊர் செவிச்சாவடிகள் திறந்த வருடம் அது. மனம் நொந்தவர்கள் எந்த நேரமும் அழைத்துப் பேசலாம் என்று அரசாங்கம் அறிவித்துவிட்டது. அழைப்புகள் குவிந்தன, கேட்பதற்கு ஆளில்லை. ஓர் உளவியலாளரை உருவாக்கப் பத்து வருடம் பிடிக்கிறது. பதியப்பொறிக்கு ஒன்பது நாள் போதும். செடியில் பதியம் போடுவது போலத்தான்; படித்த ஒருவரின் படிப்பை மூளையிலிருந்து இழை இழையாக வாசித்து, படிக்காத இன்னொருவரின் மூளையில் ஊன்றிவிடுவார்கள். கொடுப்பவருக்குத் தாய்ச்செடி என்று பெயர். வாங்கிக்கொள்பவர் பதியர். வேடியப்பன் பால்வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவன். பத்தாவது நாள் காலையில் ஜெசிந்தாவின் முதுகலை, ஆய்வுப்பட்டம், இருபத்தெட்டு வருடப் பாடம் எல்லாம் அவன் தலையில் இருந்தன.

தாய்ச்செடியின் சொந்த வாழ்க்கை பதியர்களுக்குப் போகக்கூடாது என்பது விதி. கல்யாணம், சண்டை, பிள்ளைப்பேறு எதுவும் போகாது. அதற்காகத்தான் அறுபத்து நாலு பக்கத்தில் ஒரு கல்விப் பின்புலப் படிவம் வைத்திருந்தார்கள். எந்தப் பாடத்தை எந்த வயதில், எங்கே உட்கார்ந்து, எந்த நிலையில் படித்தீர்கள் என்று எழுத வேண்டும். படித்த நேரத்தோடு வாழ்க்கையும் பின்னிக் கிடக்கும் இடங்களைத் தனியாகக் குறிக்க வேண்டும். குறித்தால் பொறி அங்கே கத்தரித்துவிடும்.

முதல் கேள்வியே இதுதான்: ‘இந்தத் துறையை எப்போது, எங்கே, எதனால் தேர்ந்தீர்கள்?’

‘மனித மனத்தை அறிந்துகொள்ளும் ஆவலால். கல்லூரி நூலகத்தில்’ என்று எழுதியிருந்தாள் ஜெசிந்தா.

முதுகலை விண்ணப்பத்திலும் அதைத்தான் எழுதினாள். ஆய்வுக்குச் சேர்ந்தபோதும், வேலைக்கான நேர்காணலிலும் அதையேதான் சொன்னாள். அவளிடம் படித்தவர்களுக்கும் விண்ணப்பத்தில் அப்படி எழுதத்தான் கற்றுக்கொடுத்தாள். அந்தத் துறையில் எல்லோரும் எழுதும் வாக்கியம் அது. அது பொய்யா என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. பொறியும் கேட்கவில்லை. கட்டிலில் படித்த அந்த இருபது நிமிடத்தில் ஜெசிந்தா உண்மையிலேயே உளவியல் படித்துக்கொண்டிருந்தாள். நுழைவுத் தேர்வுக்கான புத்தகத்தில், ‘கவனம்’ என்ற அத்தியாயம். பொறி அதைப் படிப்பு என்று எடுத்துக்கொண்டது. கத்தரிக்கச் சொல்லி யாரும் குறிக்கவில்லை, எனவே கத்தரிக்கவில்லை.

ஜெரோமுக்குப் பதின்மூன்று வயதிலிருந்து வலிப்பு. குளிக்கும்போது தாழ் போடக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். தண்ணீர்ச் சத்தம் நின்றால் வெளியே இருப்பவர் “ஜெரோம்?” என்று கூப்பிட வேண்டும். அவன் “இருக்கேன்” என்று சொல்ல வேண்டும். பதினேழு வயதுப் பையனுக்கு அதில் வெட்கம் உண்டு. “இருக்கேன், இருக்கேன், இன்னும் சாகல” என்று உள்ளிருந்து கத்துவான். அம்மா கரண்டியோடு வந்து கதவில் தட்டுவாள்.

அன்று அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். ஜெசிந்தா கூப்பிடவில்லை. வாளித் தண்ணீரில் முகம் கவிழ்ந்தபோது அவனிடமிருந்து ஒரு சத்தமும் எழவில்லை. பதினோராம் பக்கத்தின் முடிவில் அவள் நிமிர்ந்தாள்.

நுழைவுத் தேர்வில் அந்த அத்தியாயத்திலிருந்து ஒரு கேள்வி வந்தது. அவள் முழுமையாக எழுதினாள். இடம் கிடைத்தது.

*

“மேடம், வாங்க, நீங்களே பாருங்க” என்று செவிச்சாவடிக்குக் கூட்டிப்போனார் தணிகாசலம். பதியத் திட்டத்தின் தலைவர். எந்தக் கெட்ட செய்தியையும் பந்திக்கு அழைப்பவர் மாதிரி சிரித்துக்கொண்டே சொல்லும் மனிதர்.

நீளமான கூடம். அறுபது பதியர்கள் காதில் ஒலிவளையம் மாட்டி உட்கார்ந்திருந்தார்கள். எதிர்முனையில் இருப்பவர் மூச்சு வாங்க நிறுத்தினால்கூடப் போதும், அறுபது வாயிலும் ஒரே கேள்வி எழுந்தது: “இருக்கீங்களா? இருக்கீங்களா?” பதில் வர மூன்று விநாடி தாமதித்தால் கை தானாகச் சிவப்புப் பொத்தானுக்குப் போனது. அழைத்தவர் வீட்டுக்கு அவசர வண்டி கிளம்பிவிடும்.

“நேத்து உறையூர்ல ஒரு அம்மா. பேசிக்கிட்டு இருக்கும்போதே பால் பொங்குதுன்னு அடுப்பை அணைக்கப் போயிருக்காங்க. திரும்பி வந்தா வாசல்ல வண்டி, ஸ்ட்ரெச்சர், நாலு ஆளு. கதவை உடைச்சுட்டாங்க மேடம். கதவுக்கு யாரு பதில் சொல்றது?”

கூடத்தின் ஓரத்தில் கழிப்பறை. அங்கிருந்து ஓயாமல் தண்ணீர் விழும் சத்தம் வந்தது. ஜெசிந்தா எட்டிப் பார்த்தாள். நாலு குழாயும் திறந்து கிடந்தன. ‘குழாயை மூடவும்’ என்று சுவரில் ஒட்டியிருந்தது. கீழே யாரோ பேனாவால் ‘தயவுசெய்து குழாயை மூட வேண்டாம்’ என்று எழுதியிருந்தார்கள். அந்த ‘ழ’வின் சுழியை அவளுக்குத் தெரியும். அது அவளுடைய கையெழுத்து.

அப்போது மின்சாரம் போனது. குளிரூட்டியின் இரைச்சல் நின்றது. நீரேற்றியும் நின்றிருக்க வேண்டும். நாலு குழாயும் இழுத்து இழுத்து ஒழுகி ஓய்ந்தன. கூடம் அமைதியானது.

அறுபது பேரும் எழுந்தார்கள். ஒருவரையொருவர் பார்க்கவில்லை. அறுபது தலையும் கழிப்பறைக் கதவுப் பக்கம் திரும்பின. கதவருகே நின்றிருந்த ஜெசிந்தாவை யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. நாற்பது வயதுப் பெண், மீசை வைத்த ஆள், பர்தா போட்ட பெண், எல்லோர் முகத்திலும் ஒரே முகம். அவள் தினமும் காலையில் கண்ணாடியில் பார்த்துவிட்டு உடனே திருப்பிக்கொள்ளும் முகம்.

“ஜெரோம்?” என்றார்கள்.

யாரும் கத்தவில்லை. பக்கத்து அறையில் இருப்பவனைக் கூப்பிடும் குரல் அவ்வளவுதான். முப்பத்தேழு வருடத்துக்கு முன் அவள் கூப்பிட்டிருக்க வேண்டிய குரல்.

மின்சாரம் வந்தது. ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். சிலர் அழுதார்கள். ஜெசிந்தா சுவரைப் பிடித்துக்கொண்டாள். தணிகாசலத்தின் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பில்லை.

“இது தினமும் நடக்குது மேடம்” என்றார்.

*

அந்த நினைவைப் பதியர்களிடமிருந்து நேரடியாகப் பிடுங்க முடியாது என்றார்கள் பொறியாளர்கள். பதியம் வேர் விட்டுவிட்டது. எந்த இழை வந்தது, எந்த இழை சொந்தம் என்று இனி பொறிக்கே தெரியாது. ஒரே வழிதான் உண்டு. தாய்ச்செடி மறுபடி பொறியில் உட்கார்ந்து, அந்த இருபது நிமிடத்தை முதலிலிருந்து கடைசிவரை முழுதாக நினைக்க வேண்டும். அச்சம் கொழுந்துவிட்டு எரியும்போதுதான் இழையின் இரண்டு முனையும் தெரியும். தெரிந்ததை அப்படியே வெட்டி, அந்த வெட்டுமாதிரியை நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் அனுப்பிவிடலாம்.

“எனக்கு?” என்றாள் ஜெசிந்தா.

“எரிஞ்ச திரி எப்படி மேடம் மிஞ்சும்?” என்றார் தணிகாசலம். உடனே சமாதானமாக, “இருபது நிமிஷம்தானே. நம்ம ஆய்வுக் கூட்டத்துலயே அதைவிட அதிகமா போகுது. அதுவும் கெட்ட இருபது நிமிஷம். போனா நல்லதுதானே?”

அவருக்கு அது புரியாது. ஜெரோமின் குரல் எந்தப் பதிவிலும் இல்லை. வீட்டில் இருந்த நாலு படத்தில் அவன் வாய் திறக்கவில்லை. ‘அக்கா, தண்ணி வந்துருச்சு’ என்று தொடங்கும் அந்த ஒரு வரி மட்டும்தான் அவன் குரலிலேயே அவளிடம் மிச்சம். அந்தச் சொற்களுக்கும் அந்த அமைதிக்கும் நடுவில் வெட்ட இடமில்லை. அச்சம் போனால் அவனும் போவான்.

நான்கு நாள் அவள் பதில் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் மதியம் வேடியப்பன் வீட்டுக்கே வந்தான். உள்ளே வரச் சொல்லியும் வாசலிலேயே நின்றான்.

“எனக்குக் குழந்தை பொறந்து நாப்பது நாளாச்சுங்க மேடம். பொம்பளப் புள்ள.”

“சந்தோஷம்பா. தாயும் பிள்ளையும் நல்லா இருக்காங்களா?”

“தூங்க விட மாட்டேங்கறேங்க.” அவன் தரையைப் பார்த்தான். “அது கண்ணை மூடினா எனக்கு நெஞ்சு அடைச்சுக்குது. கிள்ளிடறேன். அழுதாதான் எனக்கு மூச்சு வருது. புள்ள தொடை பூராம் செவப்பா… என் பொண்டாட்டி மாதம்மா பாத்துட்டா. ‘நீ மனுசனாய்யா?’ன்னா. புள்ளையைத் தூக்கிட்டு அவங்க அம்மா வீட்டுக்குப் போயிட்டா. வராதேங்கறா. அவ சொல்றது சரிதாங்க. வந்தா மறுபடி கிள்ளுவேன்.”

ஜெசிந்தா உள்ளே போய் அவனுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

“உங்க தம்பிங்களா மேடம்?” என்றான் அவன் மெதுவாக.

“ஆமா.”

“நல்ல பையன். வாய் நெறைய அக்கான்னு கூப்பிடறான் இல்லீங்களா? எனக்கே அவன் மேல பாசமாப் போச்சு.” கண்ணைத் துடைத்துக்கொண்டான். “ஆனா என் புள்ள தூங்கணுங்க மேடம்.”

அன்று பிற்பகல் அவள் ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதினாள். வாளியின் நிறம், புத்தகத்தின் பெயர், அவன் சொன்ன வார்த்தைகள். மடித்துப் பைபிளுக்குள் வைத்தாள். மறுநாள் காலை பொறியில் உட்கார்ந்தாள்.

நெற்றியில் குளிர்ந்த வளையம். “ஆரம்பிங்க மேடம்” என்றது ஒரு குரல். அவள் கண்ணை மூடினாள். ‘அக்கா, தண்ணி வந்துருச்சு.’ அவன் குரலில் கொஞ்சம் கரகரப்பு இருந்தது. அந்த வருடம்தான் குரல் உடைந்து முடிந்திருந்தது. அதைப் பிடித்துக்கொள்ளப் பார்த்தாள். சத்தம் கனத்தது, தணிந்தது, நின்றது. ஒரு பக்கம் திருப்பினாள். கூப்பிடு, கூப்பிடு என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். இன்னொரு பக்கம். உடம்பு முழுவதும் வியர்த்து ஊற்றியது. ஒன்பதாம் பக்கத்தில் அவள் வாய்விட்டே கூப்பிட்டாள். என்ன பெயர் சொன்னாள் என்பது பத்தாம் பக்கத்தில் மறந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து தாளைப் பிரித்துப் படித்தாள். கையெழுத்து அவளுடையதுதான். தெளிவாக எழுதப்பட்ட ஒரு வரலாறு. குற்ற உணர்வுள்ள ஒரு தமக்கை, காரணமும் விளைவும் சரியாகப் பொருந்தியிருந்தன. வகுப்பில் எடுத்துக்காட்டாகச் சொல்லலாம் என்று தோன்றியது. அப்படித் தோன்றியது தவறு என்பதும் அறிவுக்குத் தெரிந்தது. ஆனால் எதுவும் வலிக்கவில்லை.

*

செவிச்சாவடி அமைதியானது. குழாய்கள் மூடப்பட்டன. பதியர்கள் நிதானமாகப் பேசினார்கள். மாதம்மா பிள்ளையோடு திரும்பி வந்தாள். தூங்கும் குழந்தையின் படத்தை வேடியப்பன் கொண்டுவந்து காட்டினான். “ரெண்டு மணி நேரம் அசையலங்க மேடம். நானும் பக்கத்துலயே தூங்கிட்டேன்” என்று வெட்கத்தோடு சிரித்தான்.

மூன்று மாதம் கழித்து, தர மதிப்பீட்டுக்காக அழைப்புப் பதிவுகள் ஜெசிந்தாவிடம் வந்தன. ஒவ்வொன்றையும் கேட்டு மதிப்பெண் போட வேண்டும்.

ஏழாவது பதிவு வேடியப்பனுடையது. அழைத்தவர் மனைவியை இழந்த ஒரு முன்னாள் பஸ் கண்டக்டர். தனியாக இருக்கிறார். “இருபத்தொம்பது வருஷம் தம்பி. டிக்கெட் கிழிச்ச கையால அவளுக்குப் பூவைத் தவிர ஒண்ணும் வாங்கிக் கொடுத்ததில்ல” என்றார். “பூ வாங்குனீங்கல்ல ஐயா” என்றான் வேடியப்பன். அவர் சிரித்தார், அழுதார், பிறகு பேச்சு நின்றது.

அமைதி.

நல்ல உளவியலாளர் அந்த அமைதியை உடைக்க மாட்டார். துயரப்படுபவருக்கு அது ஒரு இடம். அதில் அவரை இருக்க விட வேண்டும். வேடியப்பன் இருக்க விட்டான். அவனுடைய சீரான மூச்சு மட்டும் கேட்டது. ஜெசிந்தா மதிப்பெண் தாளை எடுத்தாள். பொறுமை: பத்துக்குப் பத்து. நிதானம்: பத்துக்குப் பத்து. கவனம்: மிக நன்று. பதிவு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த தாள்களையும் அடுக்கி வைத்தாள். ஒன்பதாவது நிமிடத்தில், “ஐயா, உங்களுக்குத் தோணும்போது மறுபடி கூப்பிடுங்க” என்று மென்மையாகச் சொல்லி வேடியப்பன் முடித்தான்.

கோப்பின் கடைசி வரி: அழைத்தவர் பேச்சு நின்ற முதல் நிமிடத்திலேயே மயங்கி விழுந்திருக்கிறார். மாரடைப்பு. கால் மணி நேரத்துக்குள் வண்டி போயிருந்தால் பிழைத்திருப்பார்.

ஜெசிந்தா மதிப்பெண் தாளைப் பார்த்தாள். மை இன்னும் காயவில்லை. ஒன்பது நிமிடம் அவளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

வேடியப்பனைக் கூப்பிட்டாள். “ஏன்பா ‘இருக்கீங்களா’ன்னு ஒரு வார்த்தை கேக்கல?”

அவன் குழம்பினான். “அமைதி அவங்களோட இடம்னு நீங்கதானேங்க சொல்லிக்கொடுத்தீங்க. ரெண்டாம் வருசம், மூணாவது தாள்.” சொல்லிவிட்டு, கோப்பை எடுத்துப் படித்தான். வருத்தப்பட்டான். ஆனால் அவன் கை நடுங்கவில்லை. அவளுடைய கையும் நடுங்கவில்லை.

தணிகாசலத்திடம் கணக்கு இருந்தது. “முன்ன எட்டு மாசத்துல எண்ணூறு வண்டி அனுப்பினாங்க மேடம். எழுநூத்தித் தொண்ணூறு வீண்.”

“மீதிப் பத்து?”

அவர் சாளரத்தைப் பார்த்தார். “இந்த மூணு மாசத்துல நாலு பேர் போயிட்டாங்க” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “மேடம்… அதைத் திருப்பி வைக்க முடியுமான்னு மேலிடத்துல கேக்கறாங்க. முழுசா வேணாம். கொஞ்சம் போதும்.”

எங்கிருந்து எடுத்து வைப்பது? நானூற்றுப் பன்னிரண்டு பேரிடமும் இல்லை, அவளிடமும் இல்லை. எனவே புதிய தாய்ச்செடி தேடி அறிவிப்பு வந்தது. பின்புலப் படிவத்தின் முதல் கேள்வியை மாற்றியிருந்தார்கள்: ‘உங்களை இந்தத் துறைக்குக் கொண்டுவந்த அச்சம் எது?’ நாடு முழுவதிலிருந்தும் முனைவர்கள் விண்ணப்பித்தார்கள். ஜெசிந்தா ஒவ்வொன்றாகப் படித்தாள். ‘மிக நெருங்கிய ஒருவரின் எதிர்பாராத இழப்பு என்னை மனித மனத்தை நோக்கித் திருப்பியது.’ அநேகமாக எல்லோரும் அதையே எழுதியிருந்தார்கள். எது உண்மை என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. முன்பு அவளுக்கு ஒரு பார்வையில் தெரிந்திருக்கும்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தாள். குளியலறையில் குழாயைத் திறந்து வாளி நிறையும்வரை நின்றாள். மூடினாள். காது கொடுத்துக் கேட்டாள். பயப்பட வேண்டும் என்று தன்னிடமே கெஞ்சினாள். அமைதி வெறும் அமைதியாக இருந்தது.

கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வரும்போது கதவின் உட்புறத்தைக் கவனித்தாள். குடிவந்த அன்றே, பதினைந்து வருடத்துக்கு முன்னால், தச்சரைக் கூப்பிட்டுத் தாழ்ப்பாளைக் கழற்றச் சொன்னாள். அவர் இரண்டு தடவை ஏன் என்று கேட்டார். அந்த இடத்தில் நாலு திருகாணித் துளை மட்டும் இருந்தது. மரம் அங்கே கொஞ்சம் வெளுத்திருந்தது.

கதவைச் சாத்தினாள். அது எப்போதும் போல, தாழில்லாமல், விரல் தொட்டால் திறந்துகொள்ளும்படி நின்றது.